பின்னணி பலவீனமா? ஆம்புலன்ஸ் வேலைக்குள் நுழைய எந்த வாசல் சரி?

அட்ரினலின் மருந்து பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் வரும். ஒன்றில் 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். இன்னொன்றில் அதே 1 மில்லிகிராம் 10 மில்லிலிட்டரில் கரைந்திருக்கும். கடுமையான ஒவ்வாமையில் மூச்சுத் திணறும் ஒரு பெரியவருக்குத் தொடைத் தசையில் அரை மில்லிகிராம் போட வேண்டும். முதல் மருந்தில் எவ்வளவு உறிஞ்சுவீர்கள்? அரை மில்லி. அவசரத்தில் இரண்டாவதை எடுத்து அதே அரை மில்லியைப் போட்டால், நோயாளிக்குப் போவது பத்தில் ஒரு பங்குதான். தவறு மறுபக்கமாக நடந்தால் பத்து மடங்கு.

பள்ளியில் பின்னக் கணக்கு வந்தாலே வயிற்றைக் கலக்கும் ஆள் நான். இந்த ஒரு கணக்கு யோசிக்காமல் வர எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வகுப்பில் மற்றவர்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. அந்த மூன்று வாரத்தைத் தரும் இடத்தில் நான் இருந்ததால்தான் பிழைத்தேன். ஆகவே, பின்னணி பலவீனமான ஒருவர் எந்த வழியில் நுழைவது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது சம்பளத்தையோ பட்டத்தையோ அல்ல. அந்த வழியில் நிதானமாகக் கற்க இடம் இருக்கிறதா, அப்படி நிதானமாகக் கற்பதால் யாருக்கும் உயிர்ச்சேதம் வராதா என்பதைத்தான்.

எந்தப் பலவீனம்?

“என் பின்னணி சரியில்லை” என்பவர்கள் அந்த ஒரு சொல்லுக்குள் ஆறேழு சங்கதிகளை மூட்டை கட்டிவிடுகிறார்கள். மதிப்பெண் குறைவு, உயிரியல் படிக்காதது, படிப்பை விட்டுப் பல வருடம் ஆனது, உடம்பில் வலு இல்லாதது, வண்டி ஓட்டி வாங்கிய அபராதங்கள், பழைய வழக்கு ஒன்று, ரத்தம் பார்த்தால் தலைசுற்றல். இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கதவைச் சாத்தும்.

முதல் மூன்றும் படித்தால் தீரும். வலுவும் ஓரளவு தேறும். தலைசுற்றல் பெரும்பாலானவர்களுக்குப் பழகப் பழகக் குறைந்துவிடுகிறது. முதல் மாதத்தில் சுவரோடு சாய்ந்து நின்ற பையன்கள் ஆறாம் மாதம் பேசிக்கொண்டே கட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வழக்கும் ஓட்டுநர் பதிவும் வேறு ஜாதி. எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அவை போகாது. ஆம்புலன்ஸ் ஊழியர் முன்பின் தெரியாத வீட்டின் படுக்கையறை வரைக்கும் போகிறவர், நினைவிழந்தவரின் பர்ஸும் நகையும் இருக்கும் உடம்பைத் தொடுகிறவர், பூட்டி வைக்கும் மருந்துகளைக் கையாள்கிறவர். திருட்டு, வன்முறை, பாலியல் குற்றம், போதைப்பொருள் ஆகியவற்றை உரிமம் தரும் அமைப்புகள் கடுமையாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பயிற்சி நிலையம் உங்களைச் சேர்த்துக்கொள்ளும், தேர்விலும் தேறிவிடுவீர்கள், கடைசியில் உரிமம் மறுக்கப்படும். சேர்ப்பவர் வேறு, உரிமம் தருபவர் வேறு, வேலை தருபவர் வேறு. பழைய வழக்கு இருந்தால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே உரிமம் தரும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மறைத்துவிட்டுப் பிறகு மாட்டினால், வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாக நிற்கும்.

வண்டி விஷயத்தில் பல இடங்களில் காப்பீட்டு நிறுவனத்தின் சொல்தான் கடைசிச் சொல். நாட்டுக்கு நாடு உரிம வகையும் மாறும். பிரிட்டனில் 1997-க்குப் பிறகு கார் உரிமம் வாங்கியவர்கள் 3.5 டன்னுக்கு மேற்பட்ட ஆம்புலன்ஸை ஓட்ட சி1 என்ற தனி உரிமம் எடுத்தாக வேண்டும்.

ஒரு பழைய கதை

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1967-இல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை உருவானது. அதுவரை அந்த நகரத்தில் நோயாளிகளைத் தூக்கிப் போனது பெரும்பாலும் காவல்துறை வேன்தான். வேனுக்குள் சிகிச்சை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. சிபிஆரின் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி, மூச்சு ஊதி உயிர் காக்கும் முறை) தந்தை என்று பலர் சொல்லும் டாக்டர் பீட்டர் சஃபார், வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் பள்ளியை முடிக்காதவர்களும் இருந்தார்கள். அன்றைய கணக்கில் ஆம்புலன்ஸ் வேலைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டியவர்கள். பிறகு வந்த டாக்டர் நான்சி கரோலின் அவர்களை வைத்துச் செய்து பார்த்த பயிற்சிதான், அமெரிக்கா முழுமைக்குமான பாராமெடிக் (மருந்தும் உயர்நிலைச் சிகிச்சையும் தரும் ஆம்புலன்ஸ் ஊழியர்) பாடத்திட்டத்துக்கு அடிப்படையானது.

இந்தக் கதையை “யாராலும் முடியும்” என்று மேடையில் முழங்குவதற்காகச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த இளைஞர்களுக்குக் கொடுத்த பயிற்சி ஏறத்தாழ 300 மணி நேரம். அன்று மற்ற இடங்களில் முதலுதவி அட்டை ஒன்றே போதும் என்றிருந்த காலம் அது. படிப்பு குறைந்தவர்கள் என்பதற்காக சஃபார் பாடத்தைச் சுருக்கவில்லை, நீட்டினார். பலவீனமான பின்னணி உள்ளவர்களைக் குறிவைத்தே இன்று விளம்பரமாகும் மூன்று வாரத் துரிதப் பயிற்சிகள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகின்றன.

கதையின் இன்னொரு பாதி கசப்பானது. 1975-இல் நகர நிர்வாகம் தன் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி இவர்களை உள்ளே எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். கைத்திறமைக்குத் திறந்த கதவு, பிறகு காகிதம் கேட்டது. திறமை வந்த கையோடு சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

முதலுதவித் தொண்டர்

மிகக் குறைந்த செலவில் நுழையக்கூடிய வாசல் இது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் 1877-இலிருந்து சாதாரண மக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வருகின்றன. சில நாள் பயிற்சி, பிறகு விளையாட்டுப் போட்டிகளிலும் கூட்டங்களிலும் பணி. சம்பளம் கிடையாது. முக்கால்வாசி நேரம் கணுக்கால் சுளுக்குக்கும் மயக்கத்துக்கும்தான் கூப்பிடுவார்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா, அந்நிய மனிதரின் உடம்பைத் தயங்காமல் தொட முடியுமா என்று பார்க்க இது போதும். தொழிலாக எண்ணி இதிலேயே வருடக்கணக்கில் நின்றுவிட்டால் வீண்.

நோயாளி போக்குவரத்து

சைரன் போடாத ஆம்புலன்ஸ். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போகிறவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுகிறவர்கள். அவசர வண்டியில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். நான் தொடங்கியது இங்கேதான். மறுபடியும் தொடங்கச் சொன்னாலும் இங்கேதான் தொடங்குவேன்.

ஒரு நாளைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். டயாலிசிஸ் முடித்து வந்த பெரியவர் ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கலாமென்று பட்டையை எடுத்து அவருடைய இடது கையில் சுற்றப் போனேன். கண்ணைத் திறக்காமலேயே கையை இழுத்துக்கொண்டார். “தம்பி, அந்தக் கை வேண்டாம். இங்க வெச்சுப் பாரு,” என்று என் இரண்டு விரலைப் பிடித்து முழங்கைக்குக் கீழே புடைத்திருந்த இடத்தில் வைத்தார். பூனை தூங்கும்போது உள்ளுக்குள் உறுமுமே, அப்படியோர் அதிர்வு. ஃபிஸ்டுலா. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இரண்டை அறுவை சிகிச்சையில் இணைத்த இடம். அதற்கு மேல் பட்டையை இறுக்கினால் உள்ளே ரத்தம் உறைந்து, அந்த வழியே அடைபட்டுப்போகலாம். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. அந்த வரியை நான் இன்றுவரை மறக்காதது அந்த விரல்களால்.

ஆபத்தில்லாத வேகத்தில் கற்பது என்று நான் சொல்வது இதைத்தான். தினமும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நாடி, மூச்சு, அழுத்தம் பார்ப்பீர்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்று மனப்பாடம் செய்வது எளிது. 28 மூச்சு விடும் ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில், எண்ணுவதற்கு முன்பே, ‘இது சரியில்லையே’ என்று மனசு சொல்ல வேண்டும். அதற்குச் சரியாக மூச்சு விடும் ஐந்நூறு பேரைப் பார்த்திருக்க வேண்டும். படி இறங்கும் நாற்காலியைப் பிடிக்கும் விதம், முதுகை வளைக்காமல் முழங்காலில் வலுவேற்றித் தூக்குவது, ஒப்படைக்கும்போது நர்ஸிடம் நாலு வரியில் விஷயத்தைச் சொல்வது எல்லாம் இங்கேயே கைவந்துவிடும்.

குறையும் சொல்ல வேண்டும். சம்பளம் குறைவு, அலுப்பு அதிகம். “ஆறு மாதம் கழித்து நாங்களே பயிற்சிக்கு அனுப்புவோம்” என்று நேர்காணலில் சொல்லிவிட்டு இரண்டு வருடம் இழுத்தடித்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்த வாக்குறுதியைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் இங்கே இருக்காதீர்கள். அதற்குப் பிறகு புதிதாகக் கற்க ஒன்றும் இருக்காது, அவசரத்துக்கான கூர்மையும் மழுங்கிவிடும்.

கட்டுப்பாட்டு அறை

அவசர அழைப்பை எடுத்து வண்டியை அனுப்பும் அறை. ஆம்புலன்ஸ் வேலை என்றதும் யாரும் யோசிக்காத வழி. லண்டனில் 999 என்ற அவசர உதவி எண் வந்தது 1937-இல். அமெரிக்காவின் அவசர எண்ணான 911-க்கு முதல் அழைப்பு அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் 1968-இல் போனது. அழைப்பை எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திய அட்டைகள் 1970-களின் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் டாக்டர் ஜெஃப் கிளாசனால் உருவாயின. அதிலிருந்து இது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

முதுகுவலிக்காரர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்க முடியாதவர்கள், ஓட்டுநர் பதிவு கெட்டவர்கள் தயங்காமல் இங்கே விண்ணப்பிக்கலாம். உயிரியல் தெரிய வேண்டியதில்லை; வேண்டியது தெளிவான பேச்சும் வேகமான தட்டச்சும் பதறாத காதும். என்ன நடந்தது என்பதற்கு முன்பாக எங்கே என்று கேட்கப் பழக வேண்டும், ஏனென்றால் இணைப்பு துண்டித்துப் போனாலும் வண்டியை அனுப்ப இடம் தெரிந்திருக்க வேண்டும். மறுமுனையில் அலறிக்கொண்டிருக்கும் மகளிடம் அப்பாவின் மார்பில் கையை வைக்கச் சொல்லி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சேர்ந்து எண்ணி சிபிஆர் செய்ய வைப்பதும் இந்த நாற்காலியில் நடப்பதுதான்.

எனக்கு இதிலுள்ள தயக்கம் ஒன்றே. காதால் மட்டும் கேட்ட ஒன்றின் முடிவு தெரியாமலே அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். அதைத் தாங்குவது சிலருக்கு நேரில் பார்ப்பதைவிடக் கடினம். இங்கிருந்து வண்டிக்கு மாற நினைத்தால் கைத்திறன் விஷயத்தில் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

அடிப்படைப் பயிற்சி

இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) என்று பல நாடுகளில் சொல்வது இதைத்தான். பெயரும் நீளமும் மாறும். அமெரிக்காவில் பெரும்பாலும் 120 முதல் 190 மணி நேரத்துக்குள் முடிகிறது. ஜெர்மனியில் இதற்கு இணையான ரெட்டுங்ஸ்ஸானிட்டேட்டர் பயிற்சி 520 மணி நேரம். அவசர வண்டியில் நோயாளிக்கு அருகில் உட்கார இதுதான் நுழைவுச் சீட்டு.

மதிப்பெண் குறைந்தவர்கள் இங்கே தடுக்கி விழுவது பாடத்தின் கடினத்தால் அல்ல, கேள்வி கேட்கும் விதத்தால். நான்கு விடைகளும் சரியாக இருக்கும். ‘முதலில் எதைச் செய்வீர்கள்?’ என்பதுதான் கேள்வி. வாந்தியும் ரத்தமும் வாயில் நிறைந்து, கால் முறிந்து கிடப்பவரின் கண்ணில் படுவது கால். வரிசையில் முதலில் வருவது மூச்சுவழி. மனப்பாடம் செய்து பாஸான பழக்கம் இங்கே உதவாது. அமெரிக்கத் தேசியத் தேர்வு கணினியில் 70 முதல் 120 கேள்விகள் வரை போகும். நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும். ஆகவே ‘எல்லாம் தவறாய்ப் போயிற்று’ என்று அழுதுகொண்டே வெளியே வந்து, தேறியவர்கள் நிறையப் பேர்.

ஒரே பாடத்தை மூன்று வாரத்தில் முடிப்பதும் மாலை வகுப்பாக ஆறு மாதத்தில் முடிப்பதும் சான்றிதழில் ஒன்றுதான். பின்னணி பலவீனமானவர் மாலை வகுப்பைத்தான் எடுக்க வேண்டும். பகலில் நோயாளி போக்குவரத்து, மாலையில் வகுப்பு என்று இரண்டும் சேர்ந்தால், வகுப்பில் கேட்டதை மறுநாளே ஓர் உடம்பில் பார்த்துவிடலாம். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உதவியாளராகச் சேர்வதும் இதே போன்ற பலனைத் தரும். அங்கே தலைக்கு மேல் மேற்பார்வை இருக்கும், தப்பு செய்தால் உடனே யாராவது கையைப் பிடிப்பார்கள். ஆனால் இருட்டில், மழையில், சாக்கடை ஓரத்தில் தனியே முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வராது.

நேரே பாராமெடிக்

ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். இதய மின்வரைபடம், மருந்தியல், மூச்சுக்குழாயில் குழல் இறக்குவது, முதலில் சொன்ன அட்ரினலின் கணக்கு எல்லாம் இங்கேதான் வருகின்றன. ஜெர்மனியில் 2014 முதல் இதற்கு மூன்றாண்டுப் படிப்பு. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் பதிவுக்கான நுழைவுத் தகுதியே பட்டம்தான். வேலை செய்துகொண்டே அந்தப் பட்டம் வாங்கும் வழியும் அங்கே உண்டு. பிரான்ஸ் போன்ற நாடுகளில் கடுமையான கேஸுக்கு வண்டியிலேயே டாக்டர் போவார். அங்கே ஆம்புலன்ஸ் ஊழியராக எட்டக்கூடிய உயரமே வேறு.

படிப்பை விட்டு வருடங்கள் ஆயின என்பது மட்டுமே உங்கள் பலவீனமென்றால், குடும்பச் செலவைத் தள்ளிப்போடவும் முடியுமென்றால், நேரே இதில் சேர்வதில் தவறில்லை. அறிவியலும் கணக்கும் தகராறு என்றால் முதல் பருவத்திலேயே மூச்சு முட்டும். இதில் பாதியில் நின்றவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் முட்டாள் ஒருவர்கூட இல்லை. ஆட்களைத் தொட்டுப் பார்க்காமலே உடற்கூறியலைப் படித்ததால், எதையும் எதோடும் இணைக்க முடியாமல் திணறினார்கள். ஒரு வருடம் வண்டியில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு ‘நுரையீரலில் நீர் கோத்தல்’ என்றதும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். மூன்று தலையணை வைத்து நிமிர்ந்தபடியே தூங்கும் ஒரு பாட்டியின் முகம்.

யாருக்கு எது

மதிப்பெண்ணும் அறிவியலும் பிரச்சினையென்றால் நோயாளி போக்குவரத்தும் கூடவே மாலை நேர அடிப்படைப் பயிற்சியும், பிறகு ஓரிரு வருடம் அவசர வண்டி, அதன் பிறகே பாராமெடிக். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் கட்டுப்பாட்டு அறை. அபராதங்கள் நிறைந்த ஓட்டுநர் பதிவென்றால், அது பழையதாகும் வரை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காத்திருக்கலாம். பழைய வழக்கு இருந்தால் பதில் கடிதம் கைக்கு வரும் வரை எந்த நிலையத்துக்கும் முன்பணம் வேண்டாம். மனசே இன்னும் நிச்சயமில்லை என்றால் முதலுதவித் தொண்டராக நாலு வார இறுதிகள்.

இவற்றில் எதற்குப் போனாலும் சேருவதற்கு முன் இரண்டு காரியம். நிலையத்தில், சென்ற முறை எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே தேறினார்கள் என்று கேளுங்கள். நல்ல நிலையம் எண்ணைச் சொல்லும், மற்றவை சிற்றேட்டைத் தரும். இரண்டாவது, சிபிஆர் பொம்மை ஒன்று கிடைக்கும் இடத்தைத் தேடிப் போய் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் அழுத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். ஒன்றரை நிமிடத்தில் தோள் நடுங்கும், ஆழம் குறையும். எல்லோருக்கும் அப்படித்தான், அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறோம். வேர்த்து எழுந்து நிற்கும்போது மறுபடி ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று தோன்றினால், விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.